ஹ்யூப்ரிஸ்: ‘அளவு கடந்த கர்வம்’ என்று எழுதினால் போதுமா?

மாலை வகுப்பு, வியாசர்பாடி

எல்லோருக்கும் வணக்கம். மொட்டைமாடி ஒன்றில் மாலை வேளையில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். நேற்று ஒரு நாளிதழ்க் கட்டுரையை எடுத்துக்கொண்டோம். அதில் ‘ஹ்யூப்ரிஸ்’ என்ற சொல் வந்தது. அகராதியைப் பார்த்து ‘அளவு கடந்த கர்வம்’ என்று பலகையில் எழுதினேன். முன்வரிசையில் இருந்த பெண் எழுந்தாள். “கர்வத்துக்கு ‘ப்ரைட்’ இருக்கிறது டீச்சர். ‘அரகன்ஸ்’ வேறு இருக்கிறது. இதை எதற்குத் தனியாக வைத்திருக்கிறார்கள்?” என்று கேட்டாள்.

நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். வீட்டுக்கு வந்த பிறகும் மனம் ஒப்பவில்லை. ஒரு மொழியில் ஒரே பொருளுக்கு மூன்று சொல் இருந்தால் மூன்றும் மூன்று வேலை செய்கின்றன என்றுதானே பொருள்? இந்தச் சொல்லின் வேலை என்ன, எங்கிருந்து வந்தது, தமிழில் எதைச் சொன்னால் அந்தப் பெண்ணுக்குப் பளிச்சென்று புரியும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை அடுத்த வகுப்பு.

ஒற்றியூரான்

டீச்சர், ‘ஆணவம்’ என்று எழுதுங்கள். கர்வத்தைவிட ஆழமான சொல். சைவ சித்தாந்தம் உயிரைப் பிணிக்கும் மலங்களை ஆணவம், கன்மம், மாயை என்று மூன்றாகச் சொல்கிறது. ஆணவம் என்பது ‘அணு’வின் அடியாக வந்தது. விரிந்து நிற்க வேண்டிய உயிரை அணுவளவாகச் சுருக்கிவிடுவதால் அந்தப் பெயர். தன்னைப் பெரியவன் என்று எண்ணுகிற குணத்துக்கு, சிறுமையைக் குறிக்கும் ஒரு பெயரை நம் முன்னோர் எடுத்து ஆண்டிருக்கிறார்கள். இதற்கு மேல் என்ன வேண்டும்?

வண்ணை வழக்கறிஞர்

ஒற்றியூரான் ஐயா சொன்ன ‘அணு’ விளக்கம் எனக்குப் புதிது, நன்றி. ஆனால் ஆணவம் இங்கே பொருந்தாது. ஆணவம் மனத்துக்குள் இருப்பது. ஹ்யூப்ரிஸ் கிரேக்கர்களிடம் முதலில் ஒரு செயல். அதிலும் குற்றச்செயல். ஏதென்ஸ் நகரில் அதற்கென்றே ஒரு வழக்குவகை இருந்தது.

கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

ஏதென்ஸில் தனிவழக்கு உண்டு, பொதுவழக்கு உண்டு. சாதாரண அடிதடி தனிவழக்கு. அடிபட்டவன்தான் தொடுக்க வேண்டும். ஹ்யூப்ரிஸ் பொதுவழக்கு. பாதிக்கப்பட்டவன் வாய் திறக்காவிட்டாலும் எந்தக் குடிமகனும் முன்வந்து தொடுக்கலாம். குழந்தை, பெண், ஆண், சுதந்திரமானவர், அடிமை என்று யார்மீது செய்தாலும் குற்றம். அடிமையை விலைக்கு வாங்கி விற்ற ஊர் அது. அந்த ஊரின் சட்டத்திலேயே அடிமையின் பெயரும் சேர்ந்திருந்தது.

கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் டெமாஸ்தனிஸ் என்ற பெரும் பேச்சாளர் இருந்தார். மதுக்கடவுள் டயோனைசஸின் திருவிழாவில் தன் குலத்தின் பாடற்குழுவுக்குச் செலவு செய்து நடத்தும் பொறுப்பை அவர் ஏற்றிருந்தார். அவருக்கு வேண்டாத பணக்காரர் ஒருவர், மெய்டியாஸ், அரங்கில் அத்தனை பேர் பார்க்க அவர் முகத்தில் குத்தினார். டெமாஸ்தனிஸ் திருப்பி அடிக்கவில்லை. பிறகு இதற்காக எழுதிய உரையில் ஓரிடம் உண்டு. சுருக்கம் இதுதான்: அடிப்பவனின் நிற்கும் விதத்திலும் பார்வையிலும் குரலிலும் இருப்பதை அடிபட்டவனால் பிறகு வேறொருவருக்கு எடுத்துச்சொல்லக்கூட முடியாது. மனிதனைக் கொதிக்கவைப்பது அடி அல்ல, அடியில் இருக்கும் அவமதிப்பு.

நீதிமன்றத்தில் நான் தினமும் பார்ப்பது இது. காயச் சான்றிதழில் ‘எளிய காயம்’ என்று ஒரு வரி இருக்கும். எதிரே நிற்கும் ஆளின் முகத்தில் இருப்பது எளிய காயமாகவே இருக்காது.

அரிஸ்டாட்டில் இதற்கு இலக்கணமே எழுதியிருக்கிறார். ஒருவனுக்கு அவமானம் வரும்படி ஒன்றைச் செய்வது அல்லது சொல்வது. அதனால் செய்தவனுக்கு வேறு ஆதாயம் எதுவும் கிடையாது, செய்வதில் உள்ள இன்பம்தான். பதிலுக்குச் செய்வது ஹ்யூப்ரிஸ் ஆகாது, அது பழிவாங்கல். இளைஞர்களும் பணக்காரர்களும் இதை அதிகம் செய்கிறார்கள், பிறரை இழிவுபடுத்தும்போது தாங்கள் உயர்வதாக நினைப்பதால்.

நம் சட்டத்திலும் இந்த எண்ணம் உண்டு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 355-ஆவது பிரிவு, ஒருவரின் மானத்தைக் குலைக்கும் நோக்கத்தோடு கைவைப்பதைத் தனிக் குற்றமாக வைத்து இரண்டாண்டு வரை சிறை என்றது. 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இன்னும் தெளிவு. பட்டியல் சாதி, பழங்குடி மக்களில் ஒருவரைப் பொதுப்பார்வையில் படும் இடத்தில் வேண்டுமென்றே அவமானப்படுத்துவதே அங்கே குற்றம். ஒரு கீறலும் விழ வேண்டியதில்லை.

ஆகவே டீச்சர், ‘அளவு கடந்த கர்வம்’ என்று பலகையில் எழுதியது தவறில்லை, இன்றைய ஆங்கிலத்தில் அதுதான் பொருள். ஆனால் வேர் வேறிடத்தில் இருக்கிறது.

காசிமேடு படகுக்காரன்

தடைக்காலம். 61 நாளும் விசைப்படகு கரையில். அதனால் இவ்வளவையும் பொறுமையாகப் படித்தேன்.

வழக்கறிஞர் சொல்வதைக் கேட்டால் எனக்குக் கர்வமும் நினைவுக்கு வரவில்லை, ஆணவமும் வரவில்லை. ‘கொழுப்பு’தான் வருகிறது. எந்த லாபமும் இல்லாமல் ஒருவனை இழிவுபடுத்திச் சந்தோஷப்படுகிறவனைப் பார்த்து எங்கள் பக்கத்தில் கிழவிகள் வேறு எந்தச் சொல்லையும் எடுக்க மாட்டார்கள். “கொழுப்பு” என்பார்கள், அவ்வளவுதான்.

‘நண்டு கொழுத்தால் வளையில் தங்காது’ என்று பழமொழி. எல்லோரும் சொல்கிறார்கள், எத்தனை பேர் நண்டைக் கையில் எடுத்துப் பார்த்திருப்பார்கள் என்று தெரியாது. விடியற்காலையில் கூடையில் கை விட்டு எடுத்தால் எடையிலேயே தெரிந்துவிடும். அடிவயிற்றுப் பக்கம் கட்டைவிரலால் அழுத்துவோம். அமுங்கினால் உள்ளே தண்ணீர், விலை போகாது. கல் மாதிரி நின்றால் சதை பிடித்த நண்டு. அதுதான் கையில் நிற்காமல் கொடுக்கை விரித்துக்கொண்டு வரும். தண்ணீர் நண்டு சும்மா கிடக்கும். பழமொழி சொன்னவர் நண்டு பிடித்தவராகத்தான் இருக்க வேண்டும்.

வண்ணை வழக்கறிஞர்

அண்ணே, நீங்கள் சொன்னதை அப்படியே கிரேக்கர்கள் சொல்லியிருக்கிறார்கள். படித்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

சோலோன் என்று ஏதென்ஸுக்குச் சட்டம் செய்தவர். கி.மு. 594-இல் பதவிக்கு வந்தவர், கவிஞரும்கூட. மனம் பக்குவப்படாதவர்களுக்குப் பெருஞ்செல்வம் வந்து சேரும்போது ‘கோரஸ்’ ஹ்யூப்ரிஸைப் பெற்றெடுக்கிறது என்று அவர் பாடினார். கோரஸ் என்றால் வயிறு முட்டிய நிறைவு, தெவிட்டல். நிறைவு தாய், ஹ்யூப்ரிஸ் பிள்ளை. ‘அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பான்’ என்று நம்மவர்கள் சொன்னதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம்?

இன்னொன்று. கிரேக்கர்கள் இந்தச் சொல்லை மனிதனோடு நிறுத்தவில்லை. கத்தி ஆர்ப்பாட்டம் செய்யும் கழுதைகளுக்கும் வரலாறு எழுதிய ஹெரோடோட்டஸ் இந்தச் சொல்லின் வினைவடிவத்தையே போடுகிறார். காய்க்காமல் இலையும் தழையுமாகப் பெருகும் மரத்துக்கும் தாவரநூல் எழுதிய தியோஃப்ராஸ்டஸ் இதையே ஆள்கிறார்.

பெரம்பூர் மாடித்தோட்டம்

தழையாகப் பெருகும் செடியைப் பற்றிப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. போன ஆண்டு அவரைக்கொடிக்கு ஆசையாகத் தொழு உரமும் கடலைப் பிண்ணாக்குக் கரைசலும் மாற்றி மாற்றி ஊற்றினேன். கம்பி முழுவதும் படர்ந்து பக்கத்து வீட்டுச் சுவர்வரை போய்விட்டது. இலை ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம், கரும்பச்சை. தை பிறந்தும் ஒரு பூ இல்லை. செங்குன்றத்திலிருந்து வந்த என் மாமியார் ஒரே பார்வை பார்த்துவிட்டு, “கொடி கொழுத்துப்போய்விட்டது, சோறு போடுவதை நிறுத்து” என்றார். உரத்தை நிறுத்தி, நுனியைக் கிள்ளிவிட்ட பிறகுதான் பூ வைத்தது.

தழைச்சத்து மிகுந்தால் இப்படி ஆகும் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். மாமியார் சொன்ன சொல்லும் அந்தக் கிரேக்கர் சொன்ன சொல்லும் ஒரே இடத்தில் போய் நிற்கின்றன. எனக்குக் காலையிலிருந்து இதே நினைப்பு.

ராயபுரம் வாசகர்

நான் கோயிலில் வாசகம் வாசிப்பவன், கிரேக்கம் ஓரளவு எழுத்துக்கூட்டிப் படிப்பேன். இந்தச் சொல் வேதாகமத்திலும் இருக்கிறது. அது அங்கே எத்தனை வேடம் போடுகிறது என்பதைப் பார்த்தால் டீச்சருக்கு உதவும்.

பவுல் ரோமாபுரிக்குக் கப்பலில் கொண்டுபோகப்படுகிறார். பருவம் தப்பிவிட்டது, புறப்பட வேண்டாம் என்கிறார். சரக்குக்கும் கப்பலுக்கும் மட்டுமல்ல, நம்முடைய ஜீவனுக்கும் “வருத்தமும் மிகுந்த சேதமும்” உண்டாகும் என்று அப்போஸ்தலர் 27-ஆம் அதிகாரத்தில் வருகிறது. அந்த ‘வருத்தம்’ கிரேக்கத்தில் ஹ்யூப்ரிஸ். கடல் மனிதனுக்குச் செய்யும் கொடுமைக்கு அந்தப் பெயர்! காசிமேட்டு அண்ணனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபம் 12-ஆம் அதிகாரத்தில், தனக்கு நேர்ந்த “நிந்தைகளில்” பிரியப்படுகிறேன் என்கிறார் பவுல். அந்த நிந்தைகளும் ஹ்யூப்ரிஸ்தான். இங்கே கர்வம் எங்கே இருக்கிறது? அவர் பட்டதல்லவா அது?

ஆனால் நீதிமொழிகள் 16:18-ஐப் பாருங்கள். “அழிவுக்கு முன்னானது அகந்தை, விழுதலுக்கு முன்னானது மனமேட்டிமை.” எபிரேய மூலத்தைக் கிறிஸ்துவுக்கு முன்பே கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் அந்த ‘அகந்தை’ இருக்கும் இடத்தில் ஹ்யூப்ரிஸ் என்று போட்டார்கள். செயலாக இருந்த சொல் இந்த வசனத்தில் உள்ளத்தின் குணமாக நிற்கிறது. அழிவையும் கூடவே அழைத்துக்கொண்டு வருகிறது. இன்று ஆங்கிலத்தில் அந்தச் சொல்லைக் கேட்டவுடன் ‘விழப்போகிறான்’ என்ற எண்ணம் வருகிறதல்லவா, அது இந்த வசனத்தில் முழுதாக இருக்கிறது.

‘மனமேட்டிமை’ என்ன அழகான சொல்! இப்போது யாரும் எழுதுவதில்லை.

ஒற்றியூரான்

வழக்கறிஞர் தம்பி, குற்றம், வழக்கு என்றே போகிறீர்கள். தெய்வத்தை மதிக்காத மன்னன் வீழ்வது கிரேக்கக் கதைகளில் இல்லையா? பாரசீக மன்னன் ஜெர்க்ஸஸ் கடலை அடித்தானே, அது யாருடைய மானத்தைக் குலைக்க? நாம் படித்த வரையில் அதுதான் ஹ்யூப்ரிஸுக்கு முதல் எடுத்துக்காட்டு.

எங்கள் ஊர்ப் பதிகத்தையும் சொல்லிவிடுகிறேன். திருவொற்றியூரில் நின்று அப்பர் பாடியது.

மனமெனும் தோணி பற்றி மதியெனும் கோலை ஊன்றிச்
சினமெனும் சரக்கை ஏற்றிச் செறிகடல் ஓடும் போது
மதனெனும் பாறை தாக்கி மறியும்போது அறிய ஒண்ணாது
உனையுனும் உணர்வை நல்காய் ஒற்றியூர் உடைய கோவே.

‘மதன்’ என்பதைக் காமன் என்றும் கொள்ளலாம், செருக்கு என்றும் கொள்ளலாம். நான் செருக்கு என்றே கொள்கிறேன். கரையில் நின்று தோணிகளைப் பார்த்துக்கொண்டு பாடியவர் வேறு எப்படி உவமை சொல்வார்? பாறை தண்ணீருக்குள் இருக்கிறது. தோணிக்காரனுக்கு மோதும்வரை தெரியாது. மோதிய பிறகு நினைக்க நேரமில்லை. ராயபுரம் நண்பர் காட்டிய நீதிமொழியும் இதையே சொல்கிறது. மனத்தில் இருக்கும் ஒன்றுதான் கவிழ்க்கிறது. செயல் பிறகு வருவது.

வண்ணை வழக்கறிஞர்

ஐயா, ஒப்புக்கொள்கிறேன். நான் ஒரு பக்கமாகவே எழுதிவிட்டேன்.

ஜெர்க்ஸஸ் கதை ஹெரோடோட்டஸில் இருக்கிறது. ஹெல்லஸ்பான்ட் நீரிணைமேல் கட்டிய பாலத்தைப் புயல் உடைத்தது. மன்னன் கடலுக்கு 300 கசையடி கொடுக்கச் சொன்னான், ஒரு ஜோடி விலங்கையும் தண்ணீரில் எறியச் சொன்னான். பாலம் கட்டியவர்களின் தலையை வெட்டினான். கி.மு. 480-இல் சலாமிஸ் கடற்போரில் அவன் கப்பற்படை சிதறியது. எட்டே ஆண்டு கழித்து, கி.மு. 472-இல், ஈஸ்கிலஸ் அந்தத் தோல்வியை நாடகமாக்கினார். அதில் இறந்துபோன தந்தை டேரியஸின் ஆவி எழுந்து வந்து பேசும். ஹ்யூப்ரிஸ் பூத்து, கேடு என்னும் கதிரை முற்றவிட்டது, அதை அறுத்தால் கிடைப்பது கண்ணீர் விளைச்சல் என்று சொல்லும். மாடித்தோட்ட அம்மா கவனிக்க, இங்கேயும் பயிர்தான்.

அறிஞர்களும் நம்மைப் போலவே இரண்டு கட்சி. ஃபிஷர் என்பவர் 1992-இல் இதற்கென்றே ஒரு தடித்த நூல் எழுதி, பிறரின் மானத்தைக் குலைக்கும் செயல்தான் இதன் மையம் என்று நிறுவப் பார்த்தார். கெய்ர்ன்ஸ் என்பவர் 1996-இல் மறுத்தார். எதிரே ஒரு ஆள் இல்லாவிட்டாலும், தன்னை மிகப் பெரிதாக எண்ணுவதே பிறருக்கு உரிய மதிப்பை மறுப்பதுதான் என்பது அவர் வாதம். ஒற்றியூரான் ஐயா கெய்ர்ன்ஸ் கட்சி. நான் இன்னமும் ஃபிஷர் பக்கமே சாய்கிறேன். தினமும் அடிபட்டவர்களின் முகத்தைப் பார்ப்பதால் இருக்கலாம்.

தங்கசாலை மெய்ப்புத் திருத்துநர்

முப்பது ஆண்டுகள் அச்சகத்தில் மெய்ப்பு பார்த்தவன். எங்கிருந்து வந்தது என்று டீச்சர் கேட்டதில், ஆங்கிலத்துக்கு எப்போது வந்தது என்பதை எல்லோரும் விட்டுவிட்டீர்கள்.

வியப்பான செய்தி, மிக அண்மையில்தான் வந்தது. ‘ஹ்யூப்ரிஸ்டிக்’ என்ற பெயரடை 1831-இலேயே கிடைக்கிறது. ‘ஹ்யூப்ரிஸ்’ 1884-இல். லண்டன் நாளேடு ஒன்று, நல்ல குடும்பத்தில் பிறந்து, எப்போதும் முகத்துதியே கேட்டு, ஒருநாளும் தட்டிக்கேட்கப்படாமல் வளர்ந்த பையன்களுக்கு வருவது இது என்றும், கல்லூரி வட்டத்தில் புழங்கும் சொல் என்றும் அதை வாசகருக்கு அறிமுகப்படுத்தியது. கிரேக்கம் கட்டாயப் பாடமாக இருந்த கல்லூரிகளிலிருந்து அது செய்தித்தாளுக்கு நடந்து வந்திருக்கிறது. அந்த வரியில்கூட வீழ்ச்சி இல்லை, தெய்வம் இல்லை. தட்டிக்கேட்க ஆளில்லாத பையனின் கொழுப்புதான் இருக்கிறது.

‘ஹைப்ரிட்’ என்ற சொல்லுக்கும் இதற்கும் உறவு என்று சிலர் எழுதுவார்கள். பிள்ளைகள் கேட்டால் இல்லை என்று சொல்லுங்கள். அது லத்தீன் சொல், வீட்டுப்பன்றிக்கும் காட்டுப்பன்றிக்கும் பிறந்த குட்டியைக் குறித்தது. கிரேக்கச் சொல்லின் சாயலில் பிறகு எழுத்தை மாற்றிவிட்டார்கள்.

அதன் பிறகு சொல் எங்கெங்கோ போனது. 1986-இல் ரிச்சர்ட் ரோல் என்ற பொருளியலாளர், நிறுவனங்கள் பிற நிறுவனங்களை ஏன் அதிக விலை கொடுத்து வாங்கி ஏமாறுகின்றன என்பதற்கே ஹ்யூப்ரிஸைக் காரணம் காட்டினார். உங்கள் நாளிதழ்க் கட்டுரை அநேகமாக இந்தப் பொருளில்தான் எழுதியிருக்கும்.

புளியந்தோப்புப் பேரன்

என் தாத்தா பெரம்பூர்ப் பக்கம் ஒரு பஞ்சாலையில் நெசவுப் பிரிவில் இருந்தார். பெயர் வேண்டாம். அவர் அடிக்கடி சொல்லும் சம்பவம் ஒன்று உண்டு. அது இங்கே பேசுவதுதான் என்று இப்போதுதான் எனக்கு உறைத்தது.

மதிய இடைவேளை. சுவரோரம் உட்கார்ந்து தூக்குச்சட்டியைத் திறந்திருக்கிறார். பழையது, நெத்திலிக் கருவாடு, ஒரு வெங்காயம். மேற்பார்வையாளர் ஒருவர் அந்த வழியாக வந்திருக்கிறார். வழி அகலமாகவே இருந்ததாம். தாத்தா அதை எப்போதும் கையை விரித்துக் காட்டுவார். நின்று, சட்டியைப் பார்த்து, பூட்ஸ் முனையால் மெதுவாகத் தள்ளிக் கவிழ்த்தார். எத்தவில்லை, மெதுவாகத் தள்ளினார். கஞ்சித்தண்ணீர் தாத்தாவின் மடியில் ஓடியது. அவர் கூட வந்தவரைத் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

“அவனுக்கு என்மேல் கோபம் கிடையாதடா. என் பெயர்கூடத் தெரியாது” என்பார் தாத்தா. எண்பது வயதில் மற்றதெல்லாம் மறந்தது, பூட்ஸின் நிறம் மறக்கவில்லை. அரிஸ்டாட்டில் எழுதியதாக வழக்கறிஞர் சொன்ன ‘ஆதாயம் எதுவும் கிடையாது, செய்வதில் உள்ள இன்பம்தான்’ என்ற வரியை மூன்று முறை படித்தேன்.

புராணத்தில் உதாரணம் தேடினால் எல்லோரும் இராவணனைச் சொல்வார்கள். எனக்கு நகுஷன்தான் சரி. இந்திர பதவி கிடைத்ததும் முனிவர்களைப் பல்லக்குச் சுமக்க வைத்தான். வேகம் போதாது என்று ‘சர்ப்ப, சர்ப்ப’ என்று விரட்டி அகத்தியரின் தலையில் காலால் உதைத்தான். பல்லக்கு ஏற்கனவே போய்க்கொண்டுதான் இருந்தது.

தண்டையார்பேட்டை செவிலி

எல்லோரும் ‘கொழுப்பு’ என்று முடிவு செய்துவிட்டதுபோல் தெரிகிறது. நான் ஒப்ப மாட்டேன். காரணம் சொல்கிறேன்.

என் அம்மா இருபது ஆண்டுகள் வீட்டுவேலை செய்தவர். ஒருமுறை எனக்குக் காய்ச்சல் என்று இரண்டு நாள் விடுப்பு கேட்டார். “உனக்குக் கொழுப்பு கூடிவிட்டது” என்று பதில் வந்தது. மாதச் சம்பளத்தைத் தேதியில் கேட்டதற்கும் அதே சொல். யோசித்துப் பாருங்கள், இந்தச் சொல்லை அதிகம் கேட்டவர்கள் யார்? பாத்திரம் தேய்க்கிறவள், பதில் பேசிய மாணவன், கூலி கூட்டிக் கேட்டவன். இரண்டு வேளை சோற்றுக்கு வழியில்லாதவர்களைப் பார்த்துத்தான் ‘கொழுப்பு’ என்கிறார்கள். ‘திமிர்’ என்பதும் அப்படியே. புளியந்தோப்புத் தம்பியின் தாத்தா அன்று எழுந்து நின்று ஏன் என்று கேட்டிருந்தால், அந்த மேற்பார்வையாளரே அவரைப் பார்த்துக் ‘கொழுப்பு’ என்று சொல்லியிருப்பார்.

டீச்சர் வகுப்பில் இருக்கும் பெண்பிள்ளைகள் வீட்டிலும் வெளியிலும் இந்தச் சொல்லைத் தினம் வாங்கிக்கொண்டு வருகிறவர்கள். அதையே ஹ்யூப்ரிஸுக்குப் பொருளாகச் சொன்னால், குற்றம் தங்கள்மேல்தான் என்று எடுத்துக்கொள்ள மாட்டார்களா?

காசிமேடு படகுக்காரன்

தங்கச்சி சொல்வது உண்மை. எனக்கு அது தோன்றவே இல்லை. கரையில் வியாபாரியிடம் எடை சரியாகப் போடு என்று கேட்டதற்கு நானே வாங்கியிருக்கிறேன் அந்தச் சொல்லை.

தங்கசாலை மெய்ப்புத் திருத்துநர்

செவிலி அம்மாவின் பதிவைப் படித்துவிட்டுக் குறளைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்தேன். ‘செருக்கு’ என்று 844 இருக்கிறது, அது அறிவில்லாதவன் தன்னை அறிவாளி என்று நினைப்பது, இங்கே உதவாது. ‘பெருமிதம்’ இன்னும் சிக்கல். 431-இல் உயர்ந்த குணம், 979-இல் விட வேண்டிய குற்றம். வள்ளுவரிடத்திலேயே இரண்டு முகம்.

158-இல் வந்து நின்றேன்.

மிகுதியான் மிக்கவை செய்தாரைத் தாந்தம்
தகுதியான் வென்று விடல்.

‘மிகுதி’ என்பதற்குப் பரிமேலழகர் மனச்செருக்கு என்று உரை சொல்கிறார். ‘மிக்கவை’ என்பது அந்தச் செருக்கால் பிறருக்குச் செய்யும் தீமைகள். மனத்தில் இருப்பதும் மிகுதி, கையால் செய்வதும் மிக்கவை. ஒற்றியூராரும் வழக்கறிஞரும் மூன்று நாளாகப் பிரித்து வைத்துப் பேசியது இரண்டும் ஒரே வேரில் இருக்கின்றன. அதோடு, செய்தவன் பக்கம் நின்று எழுதிய குறள் அல்ல, பட்டவனிடம் பேசுகிற குறள். கூலி கேட்டவளைப் பார்த்து ‘மிக்கவை செய்கிறாய்’ என்று யாரும் சொல்ல முடியாது.

புளியந்தோப்புப் பேரன்

ஐயா, சொல் சரி. ‘தகுதி’ என்பதற்கு உரைகாரர் பொறுமை என்றுதானே சொல்கிறார்? அந்தப் பாதியை என்னால் ஏற்க முடியவில்லை. தாத்தா பொறுமையாகத்தான் இருந்தார். மடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி தறிக்குப் போனார். அவர் எதையும் வென்றதாக எனக்குத் தெரியவில்லை.

வண்ணை வழக்கறிஞர்

தம்பி, டெமாஸ்தனிஸும் அரங்கில் கையை ஓங்கவில்லை. ஆனால் அதோடு நிற்காமல் மக்கள் அவைக்குப் போனார், மெய்டியாஸ் செய்தது குற்றமே என்று அவை தீர்மானித்தது. அதையும் ‘தகுதி’ என்று கொள்ள இடமிருக்கிறது என்பது என் எண்ணம். உரைகாரரிடம் அப்படி இல்லை, என் ஆசை அது.

மாலை வகுப்பு, வியாசர்பாடி

வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்து இப்போதுதான் படி இறங்கினேன். எல்லோருக்கும் நன்றி என்று ஒரு வரியில் எழுத முடியாத அளவுக்கு வாங்கிக்கொண்டேன்.

பலகையில் முதலில் ‘மிக்கவை செய்தல்’ என்று எழுதினேன். அதன் கீழே ‘தன்னைவிட எளியவரை, ஆதாயம் எதுவும் இல்லாமல், இழிவுபடுத்தி மகிழ்வது’ என்று எழுதினேன். அதற்கும் கீழே, ‘இன்றைய ஆங்கிலத்தில்: வீழ்ச்சியில் கொண்டுபோய் விடும் கர்வம்’. நண்டுக் கதையைச் சொன்னேன். தூக்குச்சட்டிக் கதையை, தம்பி ஆட்சேபிக்க மாட்டார் என்ற நம்பிக்கையில், ஊர் பெயர் சொல்லாமல் சொன்னேன். மாடியில் சத்தமே இல்லை. எதிர்த்த வீட்டில் குக்கர் விசில் கேட்டது.

ஆளுக்கு ஒரு வாக்கியம் எழுதச் சொன்னேன். பெரும்பாலோர் தேர்தல், கிரிக்கெட் என்று எழுதினார்கள். ஒரு பையன், பஸ்ஸில் நடத்துநர் ஒரு கிழவியிடம் சில்லறை இல்லை என்று சொல்லி டிக்கெட்டை அவர் காலடியில் போட்டதை ஆங்கிலத்தில் எழுதியிருந்தான். இலக்கணத்தில் நான்கு பிழை. சொல்லைச் சரியான இடத்தில் வைத்திருந்தான்.

முதலில் கேள்வி கேட்ட பெண் இந்த முறையும் எழுந்தாள். “அந்த மெய்டியாஸுக்கு என்ன தண்டனை கொடுத்தார்கள் டீச்சர்?” என்றாள். எனக்குத் தெரியவில்லை. வழக்கறிஞர் ஐயா, திங்கட்கிழமைக்குள் சொல்வீர்களா?

வண்ணை வழக்கறிஞர்

சொல்கிறேன். டெமாஸ்தனிஸின் எதிரி ஈஸ்கினிஸ் பிற்காலத்தில் ஒரு வழக்கில் பேசும்போது, தன் முகத்தில் விழுந்த குத்தையும் மக்கள் அவையின் தீர்ப்பையும் 30 மினாவுக்கு விற்றுவிட்டவர் இவர் என்று குற்றம் சாட்டினார். அதாவது பணம் வாங்கிக்கொண்டு சமாதானமாகப் போய்விட்டாராம். ஒரு மினா என்பது 100 திராக்மா. ஆக 3,000 திராக்மா. எதிரி சொன்னது, அப்படியே நம்புவதற்கில்லை என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள்.

அந்தப் பெண்ணிடம் இரண்டையும் சொல்லுங்கள். கானன் என்பவனின் வழக்கும் ஒன்று இருக்கிறது. மாலை வேளையில் ஒரு இளைஞனைக் கும்பலாக அடித்து, உடையை உருவி, சேற்றில் தள்ளிவிட்டு, சண்டையில் ஜெயித்த சேவல் போலக் கூவியவன். கூட இருந்தவர்கள் முழங்கையை விலாவில் அடித்துச் சிறகடித்துக் காட்டு என்றார்களாம். அடிபட்ட இளைஞன் பெரிய வழக்கைத் தாங்க மாட்டான் என்று நண்பர்கள் தடுத்ததால், ஹ்யூப்ரிஸ் வழக்குப் போடாமல் சாதாரண அடிதடி வழக்கே போட்டான். அவனுடைய உரை முழுவதும் கிடைத்திருக்கிறது. ஆங்கில மொழிபெயர்ப்பைப் படியெடுத்துத் திங்கட்கிழமை மாலை மாடிக்கே கொண்டுவந்து தருகிறேன். எத்தனை பிள்ளைகள்?

மாலை வகுப்பு, வியாசர்பாடி

பதினெட்டு. ஆறு மணிக்கு வந்தால் எல்லோரும் இருப்பார்கள் ஐயா.